மங்கலான இரண்டாவது கோடு

1

என் வேலை கோடு பார்ப்பது. துபாய் கராமாவில் நாங்கள் குடியிருக்கிற கட்டடத்திலிருந்து மெட்ரோவில் ஏறி, பிறகு ஒரு பஸ் மாறிப் போனால், தொழிலாளர் கேம்ப்கள் நெருக்கமாக இருக்கிற பகுதியில் ஒரு மருத்துவ மையம் வரும். அதன் பின்பக்கத்து அறையில் பதினான்கு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். கட்டுமானக் கம்பெனிகள் புதிதாக எடுக்கிற ஆட்களையும், லீவு முடிந்து ஊரிலிருந்து திரும்புகிற ஆட்களையும் எங்களிடம் அனுப்பும். உயரத்தில் ஏறிச் சாரம் கட்டுகிறவர்கள், கிரேன் ஓட்டுகிறவர்கள், பெரிய வண்டி டிரைவர்கள். ஆளுக்கொரு கப் கொடுப்பேன். சட்டைப் பையிலும் பேன்ட் பையிலும் இருப்பதை எல்லாம் வெளியே வைத்துவிட்டுக் கழிவறைக்குள் போக வேண்டும். உள்ளே குழாயைப் பூட்டியிருப்போம். தொட்டித் தண்ணீரில் நீலச் சாயம் போட்டிருப்போம், யாரும் அதை மொண்டு கலந்துவிடக் கூடாது என்பதற்காக. அவர் கொண்டுவந்து நீட்டுகிற கப்பை வாங்கிச் சூடு இருக்கிறதா என்று பார்த்து, சோதனைப் பட்டையை முக்கி, ஐந்து நிமிடம் காத்திருப்பேன்.

பட்டையில் இரண்டு கோடு வந்தால் ஆள் சுத்தம். ஒரு கோடு மட்டும் வந்தால் உடம்பில் கஞ்சா இருக்கிறது என்று அர்த்தம். கர்ப்பம் பார்க்கிற பட்டையைக் கண்டு பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் இதில் அப்படித்தான். இரண்டாவது கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது கோடுதான். "நெகட்டிவ்" என்று எழுத வேண்டும். பட்டைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற காகிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பயிற்சியில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பதும் அதைத்தான்.

ஜூலைக் கடைசியில் என் மகன் ஜெரோமுக்கு இருபத்தைந்து வயது முடிந்தது. அன்று மதியம் அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். இந்தப் பத்திரிகைக்கு நான் இதுவரை எழுதியதெல்லாம் வெயில், விசா, இந்தியப் பள்ளியின் ஆண்டுவிழா என்று யாருக்கும் சேதமில்லாத குறிப்புகள். என் மனைவி பிரமிளா நான் எழுதும்போது எட்டிப் பார்க்க மாட்டாள். அச்சில் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் டீயோடு உட்கார்ந்து ஒரு வரி விடாமல் வாசித்துவிட்டு, "இந்த இடத்துல கொஞ்சம் கூடிப்போச்சு" என்பாள். பெரும்பாலும் அவள் சொன்னது சரியாகத்தான் இருக்கும். இதில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஒன்றை மட்டும் மாற்றவில்லை.

2

ஜெரோம் இங்கே பிறந்தவன். பிறப்புச் சான்றிதழில் துபாய் என்று அழகாக அச்சடித்திருக்கிறது. அதனால் ஒரு பயனும் கிடையாது என்பது வளைகுடாவில் பிள்ளை பெற்ற எல்லோருக்கும் தெரியும். அவனுக்கு இந்த ஊரோடு இருந்த ஒரே சொந்தம் என் ஸ்பான்சரில் இருந்த குடும்ப விசா. பிளஸ் டூ முடித்ததும் கனடாவுக்குப் படிக்கப் போனான். படிப்பு முடிந்து அங்கேயே ஒரு கம்பெனியில் வேலைக்கும் சேர்ந்தான். கடந்த கிறிஸ்மஸுக்கு வந்திருந்தபோது, சாப்பிட்டுக்கொண்டே, "பேசாம இங்கயே வந்துடலாமான்னு பாக்குறேன்மா" என்றான். அவன் கிளம்பிய மறுநாளே பிரமிளா அவனுடைய அறைக்குப் புதுத் திரைச்சீலை வாங்கிவிட்டாள். வாடகை ஏறிக் கிடக்கிற கராமாவில் ஓர் அறையைச் சும்மா பூட்டி வைப்பது யாரும் செய்கிற காரியமில்லை. நாங்கள் ஏழு வருடமாக வைத்திருக்கிறோம்.

விசா விதி இப்படி. கல்யாணமாகாத மகனை இருபத்தைந்து வயது வரை அப்பா தன் பெயரில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவன் ஆறு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் விசா தானாகச் செத்துப்போகும். படிக்கிற பிள்ளைகளுக்குச் சலுகை உண்டு. ஜெரோம் படிப்பை முடித்துவிட்டதால் அந்தச் சலுகையும் முடிந்துவிட்டது. ஜனவரி முதல் வாரம் கிளம்பியவன் ஜூலை முதல் வாரத்துக்குள் ஒரு தடவை உள்ளே வந்தாக வேண்டும். வந்து, வயது முடிவதற்குள் புதுப்பித்துவிட்டால் இன்னும் இரண்டு வருடம் கிடைக்கும், அதற்குள் இங்கே ஒரு வேலை தேடிக்கொள்ளலாம் என்றார் எங்கள் கட்டடத்துக்குக் கீழே விசா விண்ணப்பம் அடித்துக் கொடுக்கிற டைப்பிங் சென்டர் வைத்திருக்கிற மலையாளி. வராவிட்டால் என்ன என்று கேட்டேன். பழையது செத்துப் புதிதாக விண்ணப்பிப்பதற்குள் வயது தாண்டிவிடும், பிறகு என் பெயரில் எடுக்க வழியே இல்லை என்றார். "கலாஸ்", முடிந்தது, என்று இரண்டு கைகளையும் உதறிக் காட்டினார்.

ஜூலை முதல் தேதி இங்கே வந்து இறங்குகிற மாதிரி டிக்கெட் போட்டோம். பிரமிளா ஒரு பள்ளியில் மழலையர் வகுப்பு டீச்சர். "எம்பிள்ள வாறான்" என்று ஸ்டாஃப் ரூம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

ஜூன் முதல் வாரத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். அங்கே அவனுக்குக் காலை நேரம். அவனுக்குப் பின்னால் மேசையில் வட்டமாக ஒரு சின்ன டப்பா. பிரமிளாவின் கண் அதில் விழுந்தது.

"அது என்ன மக்ளே, ஜெல்லி மிட்டாயா?"

"ஆமாமா" என்று சொல்லி அதை எடுத்து ஓரமாக வைத்தான்.

"வரும்போது எனக்கு ரெண்டு டப்பா வாங்கிட்டு வா. ஸ்டாஃப் ரூம்ல குடுக்கலாம்."

அவன் எடுத்து வைத்த அந்த ஒரு நொடியில் டப்பாவின் முகப்பு கேமராவுக்குத் திரும்பியது. எண்கோண வடிவத்தில் சிவப்பாக ஒரு முத்திரை, அதற்குள் ஓர் இலை, கீழே டிஎச்சி என்று மூன்று ஆங்கில எழுத்து. கஞ்சாவில் போதை தருகிற பொருளின் சுருக்கப் பெயர் அது. ஒரு நாளைக்கு நாற்பது பட்டையிலாவது நான் பார்க்கிற எழுத்துகள். நாடு முழுக்க ஒரே முத்திரையைத்தான் போட வேண்டும் என்று அங்கே சட்டம். சந்து முனையில் பொட்டலமாக வாங்கியிருந்தால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. கவர்ன்மென்ட் ஒழுங்காக லேபிள் ஒட்டியதால் தெரிந்தது.

3

மறுநாள் பிரமிளா கோயிலுக்குப் போன சமயத்தில் அவனைக் கூப்பிட்டேன். அங்கே இன்னும் விடியவில்லை. தூக்கம் கலைந்த குரலாகவும் இல்லை. அந்த டப்பாவில் என்ன என்று கேட்டேன். அம்மா பக்கத்தில் இருக்கிறாளா என்று கேட்டான். இல்லை என்றேன்.

"அது லீகல் பா" என்றான். "கவர்ன்மென்ட் ஸ்டோர்ல வாங்குனது. உள்ள விடும்போதே ஐடி பாத்தாங்க. பில் இருக்கு, அனுப்பவா?"

பில்லை அனுப்பியும் வைத்தான். வரியோடு இருந்தது. ஒரு துண்டில் எத்தனை மில்லிகிராம் இருக்கலாம், ஒரு டப்பாவில் எவ்வளவு, எந்த வயதுக்குக் கீழே விற்கக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் அங்கே அளவு இருக்கிறது என்று எனக்கு வகுப்பு எடுத்தான். நான் கஞ்சா என்று ஒரு தடவை சொன்னபோது சிரித்துவிட்டான். அவனுக்கு அது தமிழ் சினிமாவில் ரவுடிகள் பேசுகிற வார்த்தை. நான் கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரைக்காரன். எங்கள் ஊரில் ஒரு வீட்டுப் பையன்மேல் கஞ்சா கேஸ் விழுந்தால் அந்த வீட்டுக்குச் சம்பந்தம் பேசக்கூட யாரும் படியேற மாட்டார்கள். இரண்டு பேரும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசினோம். ஆனாலும் நான் சொன்னது அவனுக்கோ அவன் சொன்னது எனக்கோ போய்ச் சேரவில்லை.

ஏன் மக்ளே என்று கேட்டேன்.

"தூக்கம் வரல பா. பிப்ரவரிலருந்து. டாக்டர பாக்கவே மாசக்கணக்கா ஆகும்னாங்க. இது ஒண்ணு சாப்ட்டா தூங்கிடுவேன். அவ்ளோதான்."

நாலு மாதமாக என் பிள்ளை தூங்கவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை முகம் பார்த்துப் பேசுகிறோம். சாப்பிட்டியா என்று கேட்டோம், குளிருதா என்று கேட்டோம், பூசைக்குப் போனியா என்று கேட்டோம். தூங்கினாயா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே சமையலறையில் நின்றேன். எனக்கு அழுகை வந்தது என்று எழுதுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களில் சிலர், நம் நாட்டிலும் அதைச் சட்டப்படி அனுமதித்துவிட்டால் போலீஸ் தொல்லையும் கள்ள வியாபாரமும் ஒழியும் என்று சொல்வீர்கள். வேறு சிலர், டாஸ்மாக் ஒன்று போதாதா என்பீர்கள். சோதனைக்கூடத்தில் இருப்பவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். எங்கள் பட்டையில் நெகட்டிவ் என்றால் உடம்பில் சுத்தமாக இல்லை என்று பொருள் கிடையாது. குறித்து வைத்த ஓர் அளவுக்குக் கீழே இருக்கிறது என்று பொருள். அந்த அளவை யாரோ ஒரு குழு ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறது. சட்டமும் அப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது. கனடாவில் ஒரு மேசை, தாய்லாந்தில் திறந்துவிட்டுப் பிறகு இறுக்கிய ஒரு மேசை, நம் நாட்டில் கஞ்சாவுக்கு ஜெயில், சில மாநிலங்களில் அதே செடியின் இலையை அரைத்த பாங்குக்கு மட்டும் லைசென்ஸ் என்று ஒரு மேசை. இந்த ஊர் மேசையில், வேறு எங்கே எதைத் தின்றிருந்தாலும், அது உடம்பில் இருந்தபடி இங்கே இறங்கினால் குற்றம். இப்போது கொஞ்சம் இளகியிருக்கிறது, முதல் தடவை என்றால் ஜெயிலுக்குப் பதிலாகச் சிகிச்சைக்கும் அனுப்பலாம் என்கிறார்கள். "அனுப்பலாம்" என்ற சொல்லை நம்பிப் பிள்ளையை விமானத்தில் ஏற்ற எந்த அப்பனுக்கு மனசு வரும்?

கனடாவிலும் விமான நிலையத்திலேயே அறிவிப்பு வைத்திருக்கிறார்களாம், இதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று. டப்பாவைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வரலாம். ரத்தத்தில் இருப்பதை எந்தத் தொட்டியில் போடுவது?

அன்றைக்கே நிறுத்தச் சொன்னேன். நிறுத்துகிறேன் என்றான். தினமும் ஒன்று என்று நாலு மாதம் தின்றவனுக்கு அது கொழுப்பில் போய்ச் சேர்ந்திருக்கும், வெளியேற மூன்று வாரமும் ஆகலாம், ஆறு வாரமும் ஆகலாம். எங்களிடம் மூன்றரை வாரம் இருந்தது.

4

இந்த இடத்தில் ராம்சரணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பிரமிளாவிடமும்தான்.

பன்னிரண்டு வருடம் இருக்கும். நான் இந்த மையத்தில் சேர்ந்து இரண்டாவது வருடம். ராம்சரண் உத்தரப் பிரதேசத்துக்காரர், சாரம் கட்டுகிற கும்பலுக்கு ஃபோர்மேன். நாற்பத்தைந்து வயது. எங்கள் மையத்துக்கு மூன்று நாலு தடவை வந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் கப்பைக் கொடுத்துவிட்டு, "சாரி ஸாப்" என்பார், ஏதோ அவர் வீட்டு அழுக்கை என் கையில் கொடுத்துவிட்ட மாதிரி. அந்தத் தடவை சிவராத்திரிக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தார்.

பட்டையை முக்கிவிட்டு ஐந்து நிமிடம் பார்த்தேன். முதல் கோடு அழுத்தமாக வந்தது. இரண்டாவது கோடு இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி. விளக்குக்குக் கீழே பிடித்தால் இருந்தது. பென்சிலால் கோடு போட்டு அழித்த பிறகு காகிதத்தில் மிச்சமிருக்குமே, அவ்வளவுதான். ஆனால் இருந்தது.

விதிப்படி நெகட்டிவ். எனக்கு நன்றாகத் தெரியும்.

அதற்கு முந்தைய மாதம்தான் எங்கள் அறையில் வேலை செய்த ஒருவனை, ஓர் ஆளைத் தப்பவிட்டுவிட்டான் என்று சொல்லி வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். எனக்கு அப்போது ஜெரோம் ஏழாம் வகுப்பில். பிரமிளாவுக்கு வேலை இல்லை. என் விசா போனால் மூன்று பேரும் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டும். ராம்சரணைக் கூப்பிட்டு ஊரில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். அந்தக் கேள்வியே விதியில் இல்லாதது. அவர் ஒளிக்கவில்லை. சிவராத்திரிக்குக் கோயிலில் எல்லோரோடும் சேர்ந்து பாங்கு குடித்தேன் என்றார். தப்பான இடத்தில் வாங்கவில்லை என்று எனக்கு உறுதி சொல்ல விரும்பினார்.

"சர்க்காரி டேக்கா ஸாப்" என்றார். அரசாங்கம் லைசென்ஸ் கொடுத்த கடை.

நான் "பாசிட்டிவ்" என்று எழுதினேன்.

சிறுநீர் மாதிரி பெரிய சோதனைக்கூடத்துக்குப் போயிருக்கும். அதன் முடிவு என் மேசைக்கு வருவதில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை. அவரைக் கம்பெனி ஆள் வந்து காத்திருப்பு அறையிலிருந்து கூட்டிக்கொண்டு போனார். போகும்போது ராம்சரண் என்னைத் திரும்பிப் பார்த்து, நான் எதையோ சரிசெய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, தலையை ஆட்டிவிட்டுப் போனார். பல மாதம் கழித்து அதே கம்பெனியின் பஸ் டிரைவரிடம் விசாரித்தேன். சில மாதம் உள்ளே இருந்தார், அப்படியே ஊருக்கு ஏற்றிவிட்டார்கள், இனி இந்த நாட்டுக்குள் வர முடியாது என்றான். மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருந்ததாம்.

அவர் குடித்தது உண்மைதானே என்று எனக்கு நானே பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மைதான். ஆனால் அவர் குடித்தாரா என்பதை முடிவு செய்வது என் வேலை இல்லை. கோடு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. கோடு இருந்தது. பயத்தில், "இல்லை" என்று எழுதினேன்.

5

கனடாவில் மருந்துக்கடையிலேயே பட்டை கிடைத்தது. தினமும் காலையில் எழுந்ததும் சோதித்து, சரியாக ஐந்தாவது நிமிடத்தில், வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அவனுக்குக் காலை ஏழு மணி என்றால் இங்கே மதியம் மூன்று. நான் டூட்டியில் இருப்பேன். மேசைமேல் யாரோ ஒருவருடைய பட்டை கிடக்கும், மேசைக்குக் கீழே போனில் என் மகனுடைய பட்டை.

முதல் வாரம் முழுக்க ஒரே கோடு. இரண்டாவது வாரமும் ஒரே கோடு. அவனுக்குத் தூக்கம் மறுபடியும் போய்விட்டது. படத்தோடு சில நாள், "நாலு மணி நேரம்" என்று எழுதுவான். சில நாள், "ரெண்டு". நிறையத் தண்ணீர் குடி, நட, அம்மாவிடம் பேசும்போது முகம் கழுவிவிட்டு உட்கார் என்று பதில் போடுவேன். இருபத்தைந்து வருடத்தில் நானும் அவனும் தினமும் பேசிக்கொண்டது அந்த மூன்று வாரம்தான். இப்போது நினைத்தால் அதுவும் ஒரு மாதிரி நல்ல காலமாகத்தான் இருந்திருக்கிறது.

வீட்டில் பிரமிளா ஊளிமீன் வாங்கிச் சுத்தம் செய்து ஃப்ரீசரில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவனுடைய பழைய பள்ளிச் சான்றிதழ்களை எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டாள், இங்கே வேலை தேடும்போது கேட்பார்கள் என்று. ஜெல்லி மிட்டாயை மறக்காமல் ஞாபகப்படுத்தச் சொன்னாள். சரி என்றேன்.

பத்தொன்பதாவது நாள் நிழல் மாதிரி ஏதோ தெரிந்தது. இருபத்தோராவது நாளும் அதேதான். ஜூன் இருபத்தொன்பதாம் தேதி, அவன் விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள், மூன்று மணிக்குப் படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு இருந்தது. மங்கலாக, ஆனால் ஓரத்திலிருந்து ஓரம் வரை.

அந்தக் கோட்டை நான் முன்பே பார்த்திருந்தேன். ராம்சரணின் கோடு அது. அழித்த பென்சில் கோட்டின் மிச்சம்.

விமான நிலையத்தில் எல்லோரையும் சோதிக்க மாட்டார்கள். அது எனக்குத் தெரியும். சந்தேகம் வந்தால்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அவன் வயது, தனியாக வருகிறவன், எந்த ஊரிலிருந்து வருகிறான், தூங்காத கண்கள். கூப்பிட்டால் ஒரு கப் கொடுப்பார்கள். ஓர் அறையில் ஒருவன் உட்கார்ந்து பட்டையை விளக்குக்குக் கீழே பிடிப்பான். அவன் விதியைப் படித்தவனாகத்தான் இருப்பான். அவனுக்கும் வீட்டில் பிள்ளை இருக்கும், விசா இருக்கும், முந்தைய மாதம் வேலை போன கூட்டாளி ஒருவன் இருப்பான். எனக்குச் சட்டத்தைப் பார்த்து அவ்வளவு பயம் வரவில்லை. அந்த அறையில் என்னைப் போல் ஒருவன் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்றுதான் பயம் வந்தது.

மையத்தின் பின்வாசல் படியில் நின்று கூப்பிட்டேன். வெயிலில் கைப்பிடிக் கம்பி சுட்டது.

"வரண்டாம் மக்ளே" என்றேன்.

"கோடு இருக்குல்ல பா. நீங்கதான சொன்னீங்க, மங்கலா இருந்தாலும் கோடுதான்னு."

"இருக்கு."

"அப்புறம் என்ன பா?"

என்னவென்று சொல்வது? ராம்சரணைப் பற்றி அப்போதாவது சொல்லியிருக்கலாம். எனக்குப் பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். பெட்டி எல்லாம் கட்டிவிட்டேன் என்றான். பிறகு, "ஓகே பா" என்றான். அவன் சின்ன வயதில் கேட்டது கிடைக்காதபோது அழுகிற பிள்ளை இல்லை. இப்படித்தான் ஓகே சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவான்.

அம்மாவிடம் என்ன சொல்வது என்று கேட்டான். ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லச் சொன்னேன். அதற்கும் ஓகே சொன்னான்.

6

பிரமிளா சண்டை போடவில்லை. லீவு கொடுக்காத ஆபீஸைத் திட்டினாள், அவ்வளவுதான். ஐந்தாறு நாள் கழித்து எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது, என் ஸ்பான்சரில் இருந்த ஒருவருடைய அனுமதி ரத்தாகிவிட்டது என்று. அதை அவளிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். அன்றைக்குத்தான் சொன்னாள்.

"லீவு கிடைக்கலன்னது பொய்யாக்கும். அவனுக்கு வர இஷ்டமில்ல. நம்மட்ட சொல்ல மடி."

அப்படி இருக்காது என்றேன். வேறு எப்படி இருக்கும் என்று கேட்டாள். அன்றிலிருந்து வீடியோவில் அவனோடு பேசும்போது அவளுடைய பேச்சு மாறிவிட்டது. வரும்போது என்று தொடங்குகிற ஒரு வாக்கியமும் அவள் வாயிலிருந்து வருவதில்லை. அவனும் அதைக் கவனித்திருப்பான். அம்மா தன்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று தெரிந்தும், எனக்காக வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறான். பிள்ளைகள் இங்கே வளர்ந்தால் நம்மைவிட்டு விலகிப்போய்விடுவார்கள் என்று இதே பத்திரிகையில் நான் இரண்டு கட்டுரை எழுதியிருக்கிறேன். அவற்றை யாரும் வெட்டி வைத்திருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

படம் வருவது நின்றுவிட்டது. எதற்காக வர வேண்டும்? மதியம் மூன்று மணிக்குக் கை தானாகப் போன்மேல் போகும். ஒன்றும் இருக்காது. தூங்கினாயா என்று இரண்டு நாளைக்கொரு தடவை கேட்பேன். அஞ்சு, ஆறு என்று மணிக்கணக்கை மட்டும் அனுப்புவான்.

அவனுடைய பிறந்தநாள் அன்று மூன்று மணிக்குப் போன் அதிர்ந்தது. வெள்ளைக் காகிதத்தின்மேல் பட்டை. இரண்டு கோடு. இரண்டாவது கோடு முதல் கோட்டுக்குச் சமமாக, கறுத்து, அழுத்தமாக. விளக்கு தேவையில்லை, கண்ணாடி தேவையில்லை. கீழே ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியிருந்தான். டெய்லி செக் பண்ணிட்டுத்தான் இருந்தேன் பா, கிளியரா வந்ததும் அனுப்பலாம்னு, என்று ஒரு வரி. அதற்குக் கீழே இன்னொரு வரி.

"இப்ப வரலாமா பா?"

விசா செத்த பிறகும் அந்தப் பையன் ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்து, ஐந்து நிமிடம் எண்ணி, கோடு பார்த்திருக்கிறான். நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

டூட்டி முடிந்து வரும்போது டைப்பிங் சென்டரில் விசாரித்தேன். விசிட் விசா எடுக்கலாம், சுலபம்தான் என்று மலையாளி ஒரு படிவத்தைத் திரையில் திறந்து காட்டினார். பிறந்த இடம் என்ற கட்டத்தில் துபாய் என்று அடித்தார். அடுத்து, வருகையின் நோக்கம். சுற்றுலா என்று போடட்டுமா என்றார். பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிட்டேன். அவன் முப்பது நாளைக்கு வருவான், போவான். அந்த அறையில் விருந்தாளியாகப் படுப்பான். இங்கேயே வந்துவிடலாமா என்று பார்க்கிறேன் என்று கிறிஸ்மஸுக்குச் சொன்னானே, அந்தக் கதவை நான்தான் சாத்தினேன்.

பிரமிளா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு வாழ்த்து அனுப்பினீர்களா என்று கேட்டாள். அனுப்பினேன் என்றேன். பதில் போட்டானா என்றாள். தேங்க்ஸ் போட்டான் என்றேன். ஒரு சட்டையை மடித்து, மறுபடியும் பிரித்து மடித்தாள்.

"எப்ப வரலாம்னு ஒரு வார்த்த கேட்டானா?"

"இல்ல" என்றேன்.

உண்மையைச் சொன்னால் ராம்சரணையும் சொல்ல வேண்டும். அதற்கு அன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை. ஜெரோமுக்கும் இன்னும் பதில் போடவில்லை. எழுத மட்டும்தான் வருகிறது. அதனால் எழுதிவிட்டேன்.

இது அச்சில் வரும் ஞாயிற்றுக்கிழமை நீ ஜன்னல் பக்கத்து நாற்காலியில் டீயோடு உட்கார்ந்திருப்பாய். நான் மீன் வாங்குகிற சாக்கில் வெளியே போயிருப்பேன். எந்த இடத்திலும் கூடிப்போகாமல்தான் எழுதியிருக்கிறேன். அவன் கேட்டான், பிரமிளா. பட்டையில் கோடு தெளிவாக வந்த அன்றைக்கே கேட்டான்.